மிலேத்தஸ், கோடைப் பிற்பகல்

எல்லாம் நீர் என்றார் முதலாளி.
நான் அப்போதுதான்
மூன்றாவது குடத்தை இறக்கி வைத்திருந்தேன்.

இல்லை, காற்று என்றார் கம்பளி வியாபாரி,
அத்திக் காம்பைத் துப்பியபடி.
எல்லையில்லாத ஏதோ ஒன்று, அதற்குப் பெயர் கிடையாது
என்றான் வழுக்கைத் தலை மாலுமி.
பெயரில்லாதது இருப்பது உனக்கு எப்படித் தெரியும்?
நெடுநேரம் பேச்சில்லை.
துறையில் பாய் இறக்கும் சத்தம்.

கடவுள்கள் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.
அதுதான் எனக்குப் புதிது.
இனி இடி விழுந்தாலும்
காரணம் கேட்பார்கள் போல.

நான் பிக்ரெஸ். காரியா மலைக்காரன்.
ஒரு கைப்பிடி வெள்ளிக்கும் ஓர் ஆட்டுக்கும்
என்னை வாங்கினார்கள்.
ஆடு நொண்டி.

எல்லாம் ஒன்றுதான் என்றால்
விலை மட்டும் ஏன் தனித்தனி?
நாக்கு நுனிவரை வந்தது.
கிண்ணங்களை நிரப்பினேன்.

நியாயம் எதனால் ஆனது என்று
யாராவது தொடங்குவார்களென
விளக்கு வைக்கும்வரை நின்றேன்.
பேச்சு நட்சத்திரங்களுக்குப் போய்விட்டது.

கிணற்றடியில்
கயிறு, வாளி, கீழே ஒரு துண்டு வானம்.
இழுக்க இழுக்கக் கனத்தது.
நீர்தான், சந்தேகமில்லை.

ஆனால் தோள்?