இருபது பங்கு கொழுப்பு

பதினோரு வருஷம்
துணியை வட்டமாய் வெட்டி எடைபோட்ட கை இது.
நூற்றெண்பது ஜிஎஸ்எம் என்றால் நூற்றெண்பது,
ஒன்று குறைந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர்.
இப்போது தராசில்
அறுபது கிராம் மாட்டுக்கறி உருண்டை.

முதல் வாரம் மீரான் பாய் கடையில்
எல்லோரும் கேட்பதையே நானும் கேட்டேன்:
"கொழுப்பு ஒட்டாம குடுங்க."
தொடைச் சதை. செக்கச்செவேல்.
வெள்ளையே இல்லை, பார்வைக்கு ஏ கிரேடு.
கல்லில் போட்டு அமுக்கினால்
தண்ணீர் விட்டது, சாம்பலாய் வெளுத்தது,
துணி சுற்றி வரும் அட்டைபோல விறைத்தது.
"எப்படிடா இருக்கு?" என்றேன்.
பெலிக்ஸ் மென்றுகொண்டே இருந்தான்.
பதில் சொல்ல வாய் காலியாகவில்லை.

அடுத்த வாரம் ஆத்திரத்தில்
பாதிக்குப் பாதி நெஞ்சுக் கொழுப்பு.
கல் குளமானது.
உள்ளங்கை அகலம் போட்டது
கோட்டுப் பொத்தான் அகலம் வந்தது.
ஷ்ரிங்கேஜ் ஐந்து சதம் தாண்டினாலே
லாட்டைத் திருப்பி அனுப்பியவள் நான்.

"என்னதானுங்க பண்றீங்க இத வெச்சு, ஜெசிந்தாக்கா?"
ஓரம் வேணும் பாய்.
நடு எப்படியோ இருக்கட்டும்.
ஓரம் மட்டும் லேஸ் வைத்த மாதிரி
ஓட்டை ஓட்டையாய், பழுப்பாய்,
கடித்தால் பக்கத்து ஆளுக்குக் கேட்க வேண்டும்.

கொக்கியில் தொங்கிய முன்னங்காலைத் திருப்பினார்.
மூன்று வருஷ எருமைக்கடா.
கழுத்து தோளில் சேருமிடத்தில்
சிவப்புக்குள்ளேயே வெள்ளை ஓடியிருந்தது,
மெலாஞ்ச் துணி மாதிரி.
"இது முக்கா, நெஞ்சு கா. போதுங்களா?"
முக்கா கா எல்லாம் கணக்கில்லை பாய்.
கொழுப்பைத் தனியே அறுக்கச் சொன்னேன்.
சதை எண்பது, கொழுப்பு இருபது,
தராசு நிற்கும்வரை விடவில்லை.
பெரிய ஓட்டைத் தட்டு, ஒரே ஓட்டம்.
கோலா உருண்டைக்குப்போல
ரெண்டு தடவை விட்டால் பசையாகிவிடும்.
வரிசையில் நின்ற ஆள் முனகினார்:
"கறி வாங்க வந்தீங்களா, பரீட்சை எழுத வந்தீங்களா?"

கம்பெனியில் ஓவர்டைம் பாக்கி கேட்ட அன்று
சூப்பர்வைசர் சொன்னது நினைவு வந்தது.
"உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி."
அளந்து சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை, சம்பள ராத்திரி.
அனுப்பர்பாளையம் தாண்டிச் சந்து முனையில் வண்டி.
கறி ஐஸ்பெட்டியில்.
பிசையவில்லை, உப்பும் சேர்க்கவில்லை,
சும்மா கூட்டிப் பிடித்த உருண்டை.
கல் புகைந்ததும் வைத்து, மேலே பட்டர் தாள்,
கரி போடாத பழைய தேய்ப்புப்பெட்டியால்
பத்து எண்ணும்வரை ஒரே அமுக்கு.
சட்டையானால் திரும்பத் தேய்க்கலாம்.
இதை இரண்டாம் முறை தொட்டால்
இருக்கிற சாறெல்லாம் கல்லுக்குத்தான்.
அப்புறம் உப்பு, மிளகு.
கொழுப்பு கசிகிற இடமெல்லாம் பொரிந்து
பூவிட ஆரம்பித்தது.
சுவருக்குப் பட்டி பார்க்கிற தகட்டை
அடியில் சாய்த்துக் கொடுத்தேன்.
முழுசாய் வந்தது.

வெள்ளைச் சட்டைக்காரர் வண்டிப் பக்கம் குனிந்தார்.
"என்ன கறிங்க?"
"மாடுங்க. எருமை. தோளும் நெஞ்சும்."
நான் குரலைத் தணிக்கவில்லை.
அவர் தெருவை ஒருமுறை பார்த்தார்.
"ரெண்டு குடுங்க. ஒன்னு பார்சல்…
வேண்டாமுங்க, ரெண்டும் இங்கயே."

சாயப்பட்டறைப் பையன் ஒருவன்,
ஒடிசா போலிருக்கிறது,
நகக்கண்ணெல்லாம் நீலம்.
ரொட்டிக்கு வெளியே நீட்டிய ஓரத்தைப் பிய்த்து
டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தான்.
ஓட்டை வழியே வெளிச்சம் வந்தது.
எங்கோ துணி செக்கிங்கிலும் இருந்திருப்பான்.

"பாஸா?" என்றேன்.
வாயில் போட்டுக்கொண்டான்.
கேட்டது.

பன் மட்டும் சரியில்லை.
நாளைக்கு வேறு பேக்கரி பார்க்க வேண்டும்.