விளிம்பு

ஜுபைலில் ஆகஸ்ட். வெளியே நாற்பத்தெட்டு.
பாலிகிளினிக் பின்னறையில், ஏசி சொட்டும் வாளியருகே
கொளஞ்சிநாதன் பெல்ட்டைத் தளர்த்துகிறார்.
என்னைப் பார்த்து முதலில் கூச்சம்.
பிறகு அரிப்பு கூச்சத்தை ஜெயித்துவிடுகிறது.

இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை.
யார் வைத்த பெயரோ,
ஒரு சொறிக்கு இத்தனை அழகாய்.

"ரூம்மேட் குடுத்த டியூப், மேடம்.
பூசுனா மூணே நாள்ல அடங்கிடும்.
விட்டா வந்துடும். எட்டு மாசமா பூசுறேன்."
திருப்பிப் பார்த்தேன். ஸ்டீராய்டு.
அடங்கியது பூஞ்சை இல்லை.

பிளேடின் முதுகால் சுரண்டி
செதிலைக் கண்ணாடியில் உதிர்த்துப் பொட்டாஷ் ஒரு துளி.
இருபது நிமிஷம் ஆகும் என்றேன்.
ஷட்டவுன் வேலை, போகணும் என்றார். உட்கார்ந்தார்.

மேல்தோல் செத்த அடுக்கு, பூஞ்சைக்குச் சோறு.
ரத்தம் எட்டாத இடம்.
அதன் கீழே, உயிருள்ள பகுதியில்
கைநீட்டி நிற்கும் சில செல்கள்
பூஞ்சைச் சுவரின் சர்க்கரையைத் தடவியே
அசலூர் ஆள் என்று கண்டுகொள்ளும்.
தொடையிடுக்கில் நெறிகட்டும் இடத்துக்கு ஓடிச் சேதி சொல்லும்.
எலும்புக்குள் பிறந்த வெள்ளையணுக்கள் கிளம்பி வரும்.
விழுங்க முடியாத நீளமென்றால்
தன் கருவையே பிரித்து
வலையாய் வீசிச் சாகும்.
வெளியே வந்தால் ஆயுள் ஒரு நாள், கொஞ்சம் முன்பின்.

"ஒரு நாளா?"
இக்காமா அட்டையின் தேதியை
அவர் கட்டைவிரல் தேய்த்துக்கொண்டிருந்தது.

தோலும் சும்மா இராது,
பாயை உதறுவதுபோல்
அவசரமாய் வளர்ந்து தன்னையே உதிர்க்கும்.
சிவந்த வளையம் அந்தச் சண்டையின் விளிம்பு.
நடுவில் தெளிந்தது மீட்ட நிலம்.
உங்களுக்கு விளிம்பே இல்லை,
முதுகுவரை வெறும் மங்கல்.
களிம்பு நிறுத்தியது சண்டையை.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
"கேம்ப்புல தண்ணி வரலைன்னு கத்துன ரெண்டு பேர
வேற கேம்ப்புக்கு மாத்திட்டாங்க.
இப்ப சத்தமே இல்ல.
தண்ணியும் இல்ல."

லென்ஸுக்கடியில் கண்ணாடிக் கிளைகள், கணுக்கணுவாய்.
அவரும் ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார்.
"சாரம் கட்டுன மாதிரி இருக்கு."
அவர் தொழில் சாரம் கட்டுவது.

டாக்டர் மாத்திரை எழுதினார்.
டியூபை விட்டதும் எரியும், தூக்கம் போகும் என்றேன்.
தலையாட்டினார்,
நம்பியதாகத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஹெல்மெட்டோடு வந்தார்.
கண்ணெல்லாம் சிவப்பு.
கேட்பதற்குள் சட்டையைத் தூக்கினார்.
இடுப்பில்
விளிம்பு வந்திருந்தது.