பக்கத்துக்குப் பத்து சென்ட்

சாஸ்கட்டூன் நூலகத்தில்
பிரிண்டுக்குப் பக்கம் பத்து சென்ட்.

பல்கலைக்கழகம் கேட்ட சிவி
பதினொரு பக்கம்:
பாசி பற்றிய கட்டுரைகள், மாநாடுகள்,
கிடைக்காத விருதின் இறுதிப் பட்டியல்கூட.
நகராட்சி கேட்டது ரெஸ்யூமே. ஒரே பக்கம்.

ஒரிசியா வெட்டத் தொடங்கினாள்.
லிஸ்பன் போனது.
ஆய்வேட்டின் நீளத் தலைப்பு போனது.
இறந்துபோன நெறியாளர் பெயருக்குப் பக்கத்தில்
கர்சர் கொஞ்ச நேரம் துடித்தது;
அதுவும் போனது.

பாதிப் பக்கம் வெள்ளையாக மிச்சம்.
பதினொன்றில் எங்குமே இல்லாததை
அங்கே எழுதினாள்:
நான்கு குளிர்காலம், இரவு ஷிஃப்ட்,
பனி வாரும் லாரி ஓட்டினேன்.
ஒருமுறைகூடக் கவிழ்த்ததில்லை.

பர்ஸில் ஒரு டாலர் பதினைந்து சென்ட்.
இரண்டுக்கும் சேர்த்தால் ஐந்து சென்ட் உதைக்கிறது.

வரிசையில் யாரோ இருமினார்கள்.
ஒற்றைத் தாள்
சூடாக வெளியே வந்தது.