டிரம்ஸ் இல்லாத தட்டு

டுலூத்தில் துறைமுகம் உறைந்த வாரம்
அந்தத் தட்டு கடைக்கு வந்தது.
போன முறை மேடையில் கிட்டாரை உடைத்தவர்கள்
இம்முறை நாற்காலி நகரும் சத்தத்தைக்கூட
அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

"தூக்க மாத்திரை" என்றான் டார்வின் பெல்டியர்,
கை கிழித்த பழைய டூர் சட்டையில்.
கல்லூரிப் பெண் ஒருத்தி
ஹெட்ஃபோனைக் கழற்றாமலே அழுதாள்;
நான் சில்லறை எண்ணுவதுபோல் இருந்தேன்.

பனி வாரும் வண்டி ஓட்டுகிற டோலெஃப் சொன்னது வேறு:
எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை,
சிக்னலில் நின்றபோது மட்டும்
யாரோ மூச்சை இழுப்பது கேட்டது.
பச்சை விழுந்தும் நகரவில்லையாம்.
விடிகாலை மூன்று மணி,
பின்னால் ஹாரன் அடிக்க யார் இருக்கிறார்கள்.

மார்ச்சில் டார்வின் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தான்.
"பாதிக் காசு போதும்."
விளக்கில் சாய்த்துப் பார்த்தேன்.
முதல் பக்கம் புத்தம்புதுசு.
மறுபக்கம், கடைசிப் பாட்டில் மட்டும்
தடம் தேய்ந்து
சாம்பலாய் வெளுத்திருந்தது.

முழுக் காசையும் கொடுத்தேன்.
எண்ணாமல் பையில் திணித்துக்கொண்டு போனான்.
வாசலில் அவன் வண்டி
எஞ்சின் ஓடியபடி
இன்னும் நிற்கிறது.