எழுபத்தைந்து சென்டிமீட்டர்

படத்தின் நடு, தரையிலிருந்து
நூற்று ஐம்பத்தைந்து சென்டிமீட்டர்.
பதினெட்டு வருஷமாக டென் ஹாக்கில் இதுதான் வேலை:
ரசமட்டம், பென்சில் புள்ளி, துளை, திருகு.
நின்று பார்க்கிறவர்களுக்காகவே
சுவர்கள் எழுந்தன என்று நம்பியிருந்தேன்.

ஒன்பது கான்வாஸ்களோடு வந்தாள் சந்திரவதி பிசேசர்.
பரமாரிபோவில் பிறந்து
நான்கு வயதில் விமானத்திலிருந்து பனிக்குள் இறங்கியவள்.
கண்காட்சிப் பொறுப்பாளர் அனக்கே
ஒவ்வொன்றாய்ப் பார்த்தார்:
டிராமில் எதிர்வரிசை முழங்கால்கள்,
மேசையின் அடிப்பக்கம், அங்கே காய்ந்த சூயிங்கம்,
ரேடியேட்டரின் வயிறு.
எல்லாவற்றிலும் இடது ஓரமாய்
மங்கலாக ஒரு பழுப்புச் சரிவு.

"மலையா?"

"என் மூக்கு. இடது கண்ணை மூடினால்
உங்களுடையதும் தெரியும்."

கீழ் மூலைகளில் புடைத்திருந்தவை
அவளுடைய மூட்டுகள்.

"அழகுதான். ஆனால் இதில்
இந்தியா எங்கே?"

சந்திரவதி இந்தியாவைப் பார்த்ததில்லை.
அவள் அப்பாவின் தாத்தாவும்
கப்பலேறிய பிறகு பார்க்கவில்லை.
அனக்கேயை விட்டு என் பக்கம் திரும்பினாள்:
"இறக்கி மாட்டுங்கள்."

எவ்வளவு?

அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தாள்,
குதிகால் இரண்டும் தரையில் படிய,
பஸ் வரத் தாமதமாகும் என்று தெரிந்தவள்போல.
கண்ணுக்கு நேரே உள்ளங்கையை நீட்டினாள்.
"இங்கே."
அளந்தேன். எழுபத்தைந்து.

திறப்பு விழாவில் எல்லோரும் குனிந்தார்கள்,
ஒயின் சிந்தாமல், முதுகை மடக்கி.
"கும்பிட வேண்டாம், உட்காரச் சொல்லுங்கள்"
என்று என் காதில் முணுமுணுத்தாள்.
சந்தையில் பாகற்காய் விற்கிற அவள் அத்தை மகன்
கோட்டைக்கூடக் கழற்றாமல் குந்தினான்.
நெடுநேரம் எழவில்லை.
அவர்கள் மொழியில் ஏதோ சொன்னான்; அவள் சிரித்தாள்.
நான் என்னவென்று கேட்கவில்லை.

விளக்குகளை அணைக்குமுன்
நானும் முயன்றேன்.
குதிகால் ஊன்றவில்லை. பொத்தென்று பின்னால் விழுந்தேன்.
மறுபடி, சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு.
இடது கண்ணை மூடினேன்.
அவள் மூக்கின் பழுப்புச் சரிவை ஒட்டி
என்னுடையது, வெளிறிய சிவப்பில், மூச்சுக்கு மூச்சு ஆடியபடி.
ஐம்பத்தொரு வருஷமாக
நான் பார்த்த ஒவ்வொன்றின் ஓரத்திலும் நின்றிருக்கிறது.
ஒருநாளும் கண்டதில்லை.

மேலே வெற்றுச் சுவரில்
பழக்கதோஷத்தில் நான் முதலிலேயே போட்டுவைத்த
ஒன்பது பென்சில் புள்ளிகள்.
அழிக்க வேண்டும்.
எழ முடியவில்லை,
கால் மரத்துவிட்டது.