மெய்ப்பு

டுலூத்தில் பனி ஓய்ந்த இரவுகளில்
எனக்கு வேலை இல்லை.
வண்டியின் இரும்புக் கலப்பையை உயர்த்தி நிறுத்திவிட்டு
டெப்போவின் பின்னறையில்
ஒரு பக்கம் கேட்டு வாங்குகிறேன்.
ஒரே ஒரு பக்கம்.
இன்று நூற்றிநாற்பத்தேழு.

எழுதியவள் செத்து நூற்றுமுப்பது வருடம்.
உரிமை கேட்டு வர யாருமில்லை.
திரையின் இடப்பக்கம் பழைய தாளின் படம்,
வலப்பக்கம்
இயந்திரம் அதைப் படித்த லட்சணம்.

ஆரும் என்னும் தோள் உரசி நின்றால்
எம் என்று வாசித்துவிடும்.
அதன் கையில் சோளம் விளைவதே இல்லை,
வயல் முழுக்க ஒரு குறைச் சொல்
வரிசை வரிசையாக நிற்கிறது.
என்றோ ஒரு ஈ இட்டுப்போன எச்சம்
அதற்குக் காற்புள்ளி.
அந்த இடத்தில் லொவினா என்பவள்
காரணமில்லாமல் மூச்சு வாங்குகிறாள்.
ஈயைத் துடைக்கிறேன்.
பேச்சைத் தொடர்கிறாள்.

முழு நாவலாக நான் எதையும் படித்ததில்லை.
பன்னிரண்டு குளிர்காலம், நாலாயிரம் பக்கம்:
ஒரு சாவின் நடுப்பகுதி,
ஒரு கல்யாணத்தின் கடைசி ஆறு வரி,
மெழுகுவர்த்தி வார்க்கும் முறை பற்றி
யாரும் கேட்காத ஒரு விளக்கம்.

இதில் ஒரு படகுத்துறை.
லொவினா கையில் பிரிக்காத கடிதம்,
அரக்கு முத்திரையில் நகத்தை வைக்கிறாள்,
'அப்போது' என்று வரி முடிகிறது,
பக்கமும்.
நூற்றிநாற்பத்தெட்டு
கார்டிஃபிலோ டொலீடோவிலோ
பல்வலியோடு விழித்திருக்கும் வேறொருவருக்கு.

ஓரத்தில் பென்சில் எழுத்து, சாய்ந்து:
நாலு மணி வரை தூங்கினான். ஜுரம் இல்லை.
எந்தக் குழந்தை, எந்த வீடு, தெரியாது.
ஒருத்தி
ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு
லொவினாவிடம் வந்திருக்கிறாள்.
விதி எண் ஒன்பது சொல்கிறது,
வாசகர் கிறுக்கல் நூலாகாது, விட்டுவிடவும்.
விதி என்றால் விதிதான்.

கீழ் மூலையில் இன்னொன்று.
கண்ணாடிமேல் தாளை அழுத்திய கட்டைவிரல்,
ரப்பர் உறை, உறையில் கிழிசல்,
கிழிசலில் கொஞ்சம் தோல்.
எந்த நூலகத்தின் நிலவறையோ,
மணிக்கு எத்தனை பக்கம் கணக்கோ.
அந்த விரலையும் வாசிக்கப் பார்த்து
மூன்று கேள்விக்குறி போட்டிருக்கிறது இயந்திரம்.
பக்கத்திலேயே அதை மட்டும்தான்
சரியாகப் படித்ததாக எனக்குப் பட்டது.
அழித்தேன்.

ரேடியோ கரகரத்தது:
லண்டன் ரோட்டில் நாலு அங்குலம், ஏரிக் காற்று வேறு.
கையுறையைத் தேடிக்கொண்டே கடைசிப் பெட்டிக்கு வந்தேன்.
'அடுத்துப் பார்ப்பவருக்கு ஏதேனும் குறிப்பு உண்டா?'

ஜுரம் இல்லை,
என்று தட்டி அனுப்பினேன்.

விடியற்காலை
பூட்ஸ் சொட்டச் சொட்டத் திரும்பியபோது
பதில் வந்து கிடந்தது:
குறிப்பு புரியவில்லை.
பக்கம் ஏற்கப்பட்டது.