தாளின் வெள்ளை

கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிசு.
பங்குனி மழைக்குக் காப்பி பூத்த மறுநாள்
கொய்யாக் கிளையில் தலைகீழாய்த் தொங்கி
ஒரு பூச்சியை விசாரித்துக்கொண்டிருந்தது
வெள்ளைக்கண்ணி.

நாகலூர் கிளை அஞ்சலகத்தைப் பூட்டிவிட்டு
பின்வாசலில் தாளோடு உட்கார்ந்தேன்.
முதலில் பென்சிலில் ஓர் எலுமிச்சை,
மேலே ஒரு புளியங்கொட்டை.
உடலும் தலையும் ஆயிற்று.
மஞ்சளில் துளி நீலம் விட்டால் முதுகு.
தொண்டைக்கு வெறும் மஞ்சள்.
வயிற்றுக்குத் தூரிகை கழுவிய தண்ணீரே போதும்.

வேலிக்கு அந்தப் பக்கம் சகாயராணி.
"என்னங்க அது?"
குருவி.
"குருவின்னு தெரியுது. யாருக்கு?"
யாருக்குமில்லை.
"யாருக்குமில்லாமயா இவ்வளவு நேரம் குனிஞ்சிருக்கீங்க?"
பிறகு வாடகை எவ்வளவு,
ராத்திரி ஒரு மணி வரை ஏன் விளக்கு எரிகிறது,
ஓசூர் போன வீட்டம்மா எப்போது வருவார்கள்.
தூரிகையைக் கழுவினேன்.
கழுவியதையே திரும்பக் கழுவினேன்.

வம்பு என்று அவள்மேல்
மனசுக்குள் ஒரு முத்திரை குத்தினேன்,
தேதியோடு.

ஆனால்
போன செவ்வாயன்று அவள் பெயருக்கு வந்த
சேலம் குடும்பநல நீதிமன்றத்து உறையை
ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு தரம் பிடித்துப் பார்த்தவன் நான்.
கையெழுத்து வாங்கும்போது
அவள் முகத்தையும் வரிவரியாகப் படித்தேன்.
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அதைப் பண்பு என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

இந்தக் குருவியின் கூட்டையும் அப்படித்தான்.
ஒரே ஒரு இலையை விலக்கினேன்.
இரண்டு முட்டை, வெளிர் நீலம்,
சட்டைப் பொத்தான்போல.
மறுநாள் செம்போத்து வந்து போயிருந்தது.
நான் விலக்கிய இலை
விலகியே இருந்தது.

கண்ணுக்கு வந்துவிட்டேன்.
சுற்றியுள்ள அந்த வெள்ளை வளையத்துக்கு
என் பெட்டியில் நிறம் இல்லை.
தாளை அப்படியே விட்டுவிட வேண்டும்.
எவ்வளவு ஆசையாக இருந்தாலும்
விளிம்பு வரை வந்து, மூச்சைப் பிடித்து,
சுற்றிக்கொண்டு போய்விட வேண்டும்.
பச்சை அந்தப் பக்கம், கருப்பு இந்தப் பக்கம்.
நடுவில் நான் தொடாதது
என்னைப் பார்க்க ஆரம்பித்தது.

"கண்ணுகிட்ட மட்டும் ஏன் பூசாம விட்டீங்க?"
அவள் இன்னும் போகவில்லை.
தாளை வேலிமேல் சாய்த்துக் காட்டினேன்.
"அவ வரமாட்டா" என்றேன்,
கேட்டது அதுவல்ல என்று தெரிந்தும்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை.
கொய்யாவிலிருந்து குருவி போன சத்தம்கூடக் கேட்டது.
ரொம்ப நேரம் படத்தையே பார்த்துவிட்டு
ஈரத்தில் படாமல் விரலை நீட்டினாள்.
"இந்த இடத்துல பச்சை உள்ள கசிஞ்சிருக்கு, பாருங்க."

கசிந்துதான் இருந்தது.
மயிரிழை அளவு.
நான் பார்க்கவேயில்லை.